டிவிஎஸ் ஜூபிட்டர்

டிவிஎஸ் ஜூபிட்டர் என்பது டிவிஎஸ் மோட்டார் நிறுவனம் இந்தியாவில் தயாரித்து விற்கும் கியரற்ற ஸ்கூட்டர் ஆகும். நகர்ப்புற அன்றாடப் பயணத்துக்கென உருவாக்கப்பட்ட இவ்வண்டி 2013ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 109.7 சிசி பொறியுடன் அறிமுகமானது. இதன் 125 சிசி வடிவம் 2021 அக்டோபரிலும், முழுவதும் மாற்றியமைக்கப்பட்ட 113.3 சிசி வடிவம் 2024 ஆகஸ்டிலும் வெளிவந்தன. இந்திய ஸ்கூட்டர் விற்பனையில் ஹோண்டா ஆக்டிவாவுக்கு அடுத்த இடத்தை ஜூபிட்டர் பல ஆண்டுகளாக வகித்து வருகின்றது.

வேகத்திலோ ஆற்றலிலோ இவ்வண்டி தன் வகையைச் சேர்ந்த ஏனைய வண்டிகளிலிருந்து பெரிதும் வேறுபடவில்லை. இதன் வடிவமைப்பு வரலாற்றில் கவனிக்கத்தக்க நிகழ்வு எரிபொருள் தொட்டியின் இடமாற்றமே. தொடக்கத்தில் வண்டியின் பின்பகுதியில் இருந்த தொட்டி, 125 சிசி வடிவத்திலும் 2024ஆம் ஆண்டு வடிவத்திலும் மிதிதளத்தின் அடிக்குச் சென்றது. இருக்கைக்கு அடியில் ஒரு தலைக்கவசத்துக்கே இடம் தந்த வண்டி இதனால் இரண்டுக்கு இடம் தரும் வண்டியாயிற்று.

பின்னணி

1980களின் தொடக்கம் வரை இந்தியாவில் ஸ்கூட்டர் என்பது இடக்கைப் பிடியைத் திருகிக் கியர் மாற்றும் பஜாஜ் சேத்தக் போன்ற வண்டியையே குறித்தது. 1984இல் வந்த கைனெடிக் ஹோண்டா கியர் மாற்றும் வேலையை ஓட்டுநரிடமிருந்து நீக்கியது. பொத்தானை அழுத்தி இயக்கும் வசதியும் அதில் இருந்தது. 1990களில் டிவிஎஸ் நிறுவனம் ஸ்கூட்டி என்னும் எடை குறைந்த வண்டியை வெளியிட்டது. பெண்கள் தாமே ஓட்டிச் செல்லும் வண்டியாக அது பரவியது. தமிழ்நாட்டின் பல ஊர்களில் கியரற்ற எந்த வண்டியையும் "ஸ்கூட்டி" என்றே அழைக்கும் வழக்கம் இன்றும் உள்ளது.

ஆயினும் அப்பத்தாண்டின் இறுதியில் எரிபொருள் சிக்கனம் மிகுந்த நான்கு வீச்சு மோட்டார் சைக்கிள்கள் ஸ்கூட்டர்களை ஏறத்தாழ ஓரங்கட்டியிருந்தன. ஹோண்டா ஆக்டிவாவின் வருகை இந்நிலையை மாற்றியது. டிவிஎஸ் நிறுவனம் 2010இல் வீகோ என்னும் 109.7 சிசி வண்டியை வெளியிட்டது. அதன் பொறியையும் அடிப்படைக் கட்டமைப்பையும் கொண்டு, குடும்பத்துக்குரிய வண்டியாக மூன்றாண்டுகளுக்குப் பின் உருவாக்கப்பட்டதே ஜூபிட்டர் ஆகும். நிறுவனத்தின் இந்தியத் தொழிற்சாலைகள் தமிழ்நாட்டின் ஓசூரிலும், கருநாடகத்தின் மைசூரிலும், இமாச்சலப் பிரதேசத்தின் நாலாகரிலும் உள்ளன.

ஜூபிட்டர் என்பது வியாழன் கோளின் ஆங்கிலப் பெயராகும்.

தோற்றம்

இந்தியக் குடும்பங்களில் ஒரே ஸ்கூட்டரை அலுவலகம் செல்லும் தந்தையும், காய்கறி வாங்கச் செல்லும் தாயும், கல்லூரி செல்லும் மகளும் மாறிமாறி ஓட்டுவது இயல்பு. எனவே இவ்வகை வண்டியின் தோற்றம் ஒருவருக்கென்று அமையாமல் எவருக்கும் பொருந்துவதாக இருக்க வேண்டியுள்ளது. 2013ஆம் ஆண்டு ஜூபிட்டர் இத்தேவையைச் சற்று அடக்கமாகவே நிறைவேற்றியது. முகப்பு விளக்கு கைப்பிடியின் மேலுறையிலும், திசைகாட்டி விளக்குகள் முன்கவசத்திலும் அமைந்திருந்தன. பக்கத் தகடுகள் நேர்கோடுகளைக் கொண்டிருந்தன. பார்த்தவுடன் ஈர்க்கும் வடிவம் என்று அதைச் சொல்ல இயலாது. பத்தாண்டுகள் பெரிய மாற்றமின்றி விற்பனையானதைக் கொண்டு பார்த்தால், விரைவில் பழமையாகத் தோன்றாத வடிவம் என்று சொல்லலாம்.

2024ஆம் ஆண்டு வடிவம் இவ்வடக்கத்தைக் கைவிட்டது. முன்கவசத்தின் குறுக்கே அகன்ற எல்.ஈ.டி விளக்குப் பட்டை ஒன்று ஓடுகின்றது. திசைகாட்டி விளக்குகள் அதனுள்ளேயே அடங்கியுள்ளன. முகப்பு விளக்கும் கைப்பிடியிலிருந்து முன்கவசத்துக்கு இறங்கியது. இதில் ஒரு நடைமுறை வேறுபாடும் உண்டு. கைப்பிடியில் உள்ள விளக்கு வண்டி திரும்பும் பக்கம் தானும் திரும்பும். முன்கவசத்தில் பொருத்தப்பட்ட விளக்கு வண்டியின் உடல் நோக்கும் திசையிலேயே ஒளி வீசும். வேகமாகச் செல்கையில் கைப்பிடி மிகச் சிறிதளவே திரும்புவதால் இது தெரிவதில்லை. விளக்கில்லாத குறுகிய சந்தில் மெதுவாகத் திரும்பும்போது தெரியும்.

முகப்பு விளக்கைப் பகலிலும் அணைக்க முடியாதது பலருக்குப் புதிராக உள்ளது. 2017 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் தயாரிக்கப்படும் இருசக்கர வண்டிகளில் பொறி இயங்கும்போது முகப்பு விளக்கு தானாக எரிய வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்ததே இதற்குக் காரணம். எதிரே வருபவர் கண்ணில் வண்டி எளிதில் படுவதே அவ்விதியின் நோக்கமாகும்.

உடற்பகுதி

ஜூபிட்டரின் உடற்பகுதியில் எஃகுத் தகடு கணிசமாகப் பயன்படுத்தப்படுகின்றது. நெகிழி உடலுக்கும் எஃகு உடலுக்கும் இடையிலான தேர்வு தோற்றத்தைக் காட்டிலும் பழுதுபார்ப்பைச் சார்ந்தது. நெரிசலான தெருவில் உரசுவதும், நிறுத்துமிடத்தில் வண்டி சாய்ந்து விழுவதும் அன்றாட நிகழ்வுகள். எஃகுத் தகடு அப்போது நசுங்கும். தட்டி நேராக்கி வண்ணம் பூசும் பட்டறை எந்த ஊரிலும் உண்டு. நெகிழித் தகடு விரிசல் கண்டால் பெரும்பாலும் முழுத் தகட்டையும் மாற்ற வேண்டும். எஃகின் குறை எடையும் துருவும் ஆகும். கடலோர ஊர்களில் வண்ணம் பெயர்ந்த இடத்தைக் கவனியாமல் விட்டால் துரு விரைவில் பரவும்.

இருக்கைக்கு அடியில் உள்ள இடம்

கியரற்ற ஸ்கூட்டர் ஒன்றின் வடிவமைப்பில் மிகவும் போட்டிக்குரிய இடம் இருக்கைக்கு அடியில் உள்ளதாகும். பேச்சுவழக்கில் "டிக்கி" எனப்படும் பொருட்பெட்டி அங்கே அமைகின்றது. அதற்குக் கீழே பொறி உள்ளது. சாலை மேடு பள்ளங்களில் பொறியும் பின்சக்கரமும் சேர்ந்து மேலும் கீழும் அசைவதால், அவை மேலே எழும்பும் அளவுக்கு இடைவெளி விடவேண்டும். மரபான அமைப்பில் பொருட்பெட்டிக்குப் பின்னால், பின்விளக்கை ஒட்டி, எரிபொருள் தொட்டி இருக்கும். மேலே இருக்கையின் உயரமோ, குட்டையானவர்களுக்கும் கால் தரையில் எட்டவேண்டும் என்பதால், வரம்புக்குட்பட்டது. இந்நான்கில் ஒன்றைப் பெருக்கினால் மற்றொன்று சுருங்கியே தீரும்.

2013ஆம் ஆண்டு ஜூபிட்டரில் தொட்டி இம்மரபான இடத்திலேயே இருந்தது. தொட்டியின் கொள்ளளவு 5 லிட்டர், பொருட்பெட்டியின் கொள்ளளவு ஏறக்குறைய 17 லிட்டர். ஆனால் பெட்ரோல் ஊற்றும் வாய் வண்டியின் பின்புறத்தில் வெளியே வைக்கப்பட்டிருந்தது. அக்காலத்தில் ஆக்டிவா உள்ளிட்ட பெரும்பாலான ஸ்கூட்டர்களில் இருக்கையைத் தூக்கினால்தான் பெட்ரோல் ஊற்ற முடியும். அதற்காக ஓட்டுநரும் பின்னால் இருப்பவரும் இறங்கி, இருக்கையில் வைத்த பையையும் எடுத்தாக வேண்டும். ஜூபிட்டரில் இருக்கையைத் தூக்கும் வேலை இல்லாமற்போயிற்று. சிறு வசதியாகத் தோன்றினும் வண்டியை வாங்கியோர் முதலில் சொல்லிக்கொண்ட சிறப்பு இதுவே எனலாம். 110 சிசி ஆக்டிவாவுக்கு இவ்வசதி 2020இல் வந்த ஆறாம் தலைமுறையிலேயே கிடைத்தது.

தலைக்கவசச் சிக்கல் வேறு திசையிலிருந்து வந்தது. இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு ஓட்டுபவருடன் பின்னால் அமர்பவரும் தலைக்கவசம் அணியவேண்டும் என்கின்றது. எனினும் பல மாநிலங்களில் அது ஏட்டளவிலேயே இருந்தது. தமிழ்நாட்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணையைத் தொடர்ந்து, 2015 ஜூலை 1 முதல் இருவரும் தலைக்கவசம் அணிவது கண்டிப்பாக்கப்பட்டது. அன்று முதல் இருவர் செல்லும் வண்டிக்கு இரண்டு தலைக்கவசங்கள் தேவை. வண்டியிலோ ஒன்றை வைக்கவே இடம். மற்றொன்றைக் கடைக்குள் கையில் தூக்கிச் செல்ல வேண்டும், அல்லது கண்ணாடித் தண்டில் மாட்டிவிட்டு அது திரும்பும்வரை இருக்குமென நம்ப வேண்டும். பின்னால் அமர்பவர் தலைக்கவசத்தை வீட்டிலேயே விட்டு வருவதற்குச் சோம்பலைப் போலவே இவ்விடப் பற்றாக்குறையும் காரணமாகும். விபத்தில் தலையைக் காக்கும் பொருள் வண்டியில் இடமின்மையால் வீட்டு அலமாரியில் தங்கிவிடுமாயின், அது வடிவமைப்பாளர் தீர்க்க வேண்டிய சிக்கலே.

2021இல் வந்த ஜூபிட்டர் 125இல் இதற்கு விடை காணப்பட்டது. 5.1 லிட்டர் கொள்ளளவுள்ள தொட்டி மிதிதளத்தின் அடியில் தட்டையாக வைக்கப்பட்டது. பெட்ரோல் ஊற்றும் வாய் முன்புறத்துக்கு வந்தது. பின்பகுதியில் தொட்டி இருந்த இடம் பொருட்பெட்டியுடன் சேர்ந்ததால் அதன் கொள்ளளவு 33 லிட்டராயிற்று. முழுமுகத் தலைக்கவசங்கள் இரண்டை அதில் வைக்கலாம் என்று நிறுவனம் அறிவித்தது. 2024ஆம் ஆண்டின் 113.3 சிசி வடிவமும் இதே அமைப்பைப் பின்பற்றியது. லிட்டர் கணக்கு மட்டுமே இங்கு போதுமானதன்று என்பதையும் குறிப்பிட வேண்டும். பெட்டியின் ஆழமும் வளைவும் தலைக்கவசத்தின் வடிவத்துக்கு ஒத்துவர வேண்டும். பின்புறம் நீட்சி கொண்ட பெரிய தலைக்கவசங்களைக் கடையிலேயே வைத்துப் பார்த்து வாங்குவது நல்லது.

தொட்டியை அடியில் வைப்பது இந்தியாவுக்கு முற்றிலும் புதிய எண்ணம் அன்று. கைனெடிக் நிறுவனத்தின் ஃபிளைட், பின்னர் மகிந்திராவின் ரோடியோ ஆகிய வண்டிகளிலும் பெட்ரோல் முன்புறமாகவே ஊற்றப்பட்டது. ஆனால் அக்காலத்து வண்டிகள் கார்புரேட்டர் கொண்டவை. கார்புரேட்டருக்கு மேலே தொட்டி இருந்தால் பெட்ரோல் தானாகவே வழிந்து வரும். கீழே இருந்தால் அதை மேலேற்றத் தனியே ஒரு பம்பு வேண்டும். 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை 6 மாசு விதிகளுக்காக ஸ்கூட்டர்கள் எரிபொருள் உட்செலுத்தல் முறைக்கு மாறின. அம்முறைக்கு மின்பம்பு எவ்வாறாயினும் தேவை. பம்பு வந்துவிட்ட பின்னர் தொட்டி உயரத்தில்தான் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் தளர்ந்தது. புகையைக் குறைக்க வந்த விதி ஒன்று தலைக்கவசத்துக்கு இடம் பிறக்க மறைமுகமாக உதவியது எனக் கொள்ளலாம்.

இடமாற்றத்தின் மற்றொரு விளைவு சமநிலை சார்ந்தது. 5.1 லிட்டர் பெட்ரோலின் எடை 4 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பின்சக்கரத்துக்கு மேலே உயரத்தில் இருந்த இவ்வெடை, இரு சக்கரங்களுக்கும் நடுவே தாழ்வான இடத்துக்கு வந்தது. 100 கிலோவைச் சற்றே தாண்டும் வண்டியில் இது பெரிய பங்கு அன்று. எனினும் பொறி முழுவதும் பின்புறத்தில் இருப்பதால் இவ்வகை வண்டிகளின் முன்பகுதி இயல்பாகவே எடை குறைந்தது; முன்னோக்கி நகரும் ஒவ்வொரு கிலோவும் பயனுடையதே.

இதே இருக்கையடி இடம் வேறொரு விதமாகவும் பயன்படுத்தப்படலாம் என்பதை 2025 ஜனவரியில் தில்லியில் நடந்த பாரத் மொபிலிட்டி கண்காட்சியில் வைக்கப்பட்ட மாதிரி வண்டி காட்டியது. அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவால் ஓடும் அந்த 125 சிசி ஜூபிட்டரில் 1.4 கிலோ எரிவாயு கொள்ளும் உருளை இருக்கைக்கு அடியில் பொருத்தப்பட்டிருந்தது. உடன் 2 லிட்டர் பெட்ரோல் தொட்டியும் இருந்தது. எரிபொருட் செலவு குறையும், பொருட்பெட்டி இல்லாமற்போகும்.

பொருட்பெட்டியின் குறை வெப்பம் ஆகும். பொறி நேர் கீழே இருப்பதால் நெடுநேர ஓட்டத்துக்குப் பின் பெட்டியின் அடிப்பகுதி சூடேறும். மருந்து, பால், இனிப்பு போன்றவற்றை முன்புறக் கொக்கியில் தொங்கவிடுவதே மேல்.

மிதிதளம்

ஸ்கூட்டரை மோட்டார் சைக்கிளிலிருந்து வேறுபடுத்துவது கால் வைக்கும் தட்டையான தளமே. சேலையோ வேட்டியோ அணிந்தவர் காலைத் தூக்கிப் போடாமல் ஏற முடிவதும் இதனால்தான். இந்தியாவில் இது சுமை மேடையாகவும் பயன்படுகின்றது. அரிசி மூட்டை, 20 லிட்டர் தண்ணீர்க் கேன், பள்ளிப் பைகள் என அனைத்தும் அங்கே ஏறும். சமையல் எரிவாயு உருளையைக் கால்களுக்கிடையே வைத்துச் செல்லும் காட்சியும் அரிதன்று. கைப்பிடி திரும்புவதை உருளை தடுக்கும் என்பதாலும், கால்கள் வெளியே நீட்டியபடி இருக்க நேர்வதாலும் அது பாதுகாப்பானதன்று.

தொட்டி இத்தளத்தின் அடிக்கு வந்ததால் இரண்டு கட்டுப்பாடுகள் எழுந்தன. தளம் மேலே உயர்ந்தால் முழங்கால் மடங்கும் கோணம் குறுகி அமர்வது இடராகும். தொட்டி கீழே இறங்கினால் வேகத்தடையில் இடிக்கும். ஊராட்சிச் சாலைகளில் அளவின்றிப் போடப்படும் வேகத்தடைகளை நோக்க இரண்டாவது கட்டுப்பாடு சிறியதன்று. எனவே தொட்டி அகன்றும் ஆழம் குறைந்தும் அமைகின்றது. 2024ஆம் ஆண்டு வடிவத்தின் தரை இடைவெளி 163 மி.மீ, முதல் வடிவத்தில் இது 150 மி.மீ ஆக இருந்தது.

பொறியும் செலுத்தமும்

ஜூபிட்டரின் பொறி ஒற்றை உருளை கொண்ட, காற்றால் குளிர்விக்கப்படும் நான்கு வீச்சுப் பொறியாகும். மோட்டார் சைக்கிளில் எதிர்க்காற்று பொறியைக் குளிர்விக்கும். ஸ்கூட்டரில் பொறி உறைகளுக்குள் மறைந்திருப்பதால் சுழல்தண்டுடன் இணைந்த விசிறி ஒன்று காற்றைச் செலுத்துகின்றது.

"கியரற்ற" என்பது வழக்குச் சொல்லே. உண்மையில் இதில் இருப்பது தொடர்ந்து மாறும் கியர் விகித அமைப்பாகும். பொறியின் பக்கத்திலும் சக்கரத்தின் பக்கத்திலும் ஒவ்வொரு கப்பி உள்ளது. இரண்டையும் பட்டை வார் ஒன்று இணைக்கின்றது. முன்கப்பியினுள் சிறு உருளைகள் உள்ளன. பொறியின் சுழற்சி கூடக்கூட மையவிலக்கு விசையால் அவை வெளிப்புறம் நகர்ந்து கப்பியின் இரு தட்டுகளையும் நெருக்குகின்றன. வார் விளிம்பை நோக்கி ஏறுகின்றது. அதே வேளையில் பின்கப்பியில் வார் உள்நோக்கி இறங்குகின்றது. இதனால் விகிதம் படிப்படியாக இன்றி ஒழுகலாக மாறுகின்றது. பின்கப்பியை அடுத்துள்ள மையவிலக்குக் கிளட்ச், சுழற்சி குறிப்பிட்ட அளவை எட்டும்போது தானே பற்றிக்கொள்ளும். வார் நழுவுவதாலும் வளைந்து நெளிவதாலும் ஆற்றலில் ஒரு பங்கு வீணாகின்றது. அதே அளவுள்ள மோட்டார் சைக்கிளைக் காட்டிலும் ஸ்கூட்டர் குறைந்த தொலைவு தருவதற்கு இது முதன்மைக் காரணம்.

இங்குதான் ஓட்டுநரின் கைப்பழக்கம் முக்கியமாகின்றது. திருகியை எவ்வளவு வேகமாகத் திறந்தாலும் வண்டி தானே சமாளித்துக்கொள்ளும் என்பதால், பெட்ரோல் வீணாவது ஓட்டுநருக்குத் தெரிவதில்லை. ஜூபிட்டரின் முகப்பில் சிக்கனமாக ஓட்டும்போது பச்சை விளக்கு ஒளிரும் ஏற்பாடு முதல் வடிவத்திலேயே இருந்தது. பொறியில் எதையும் மாற்றாமல் ஓட்டுபவரை மாற்ற முயலும் எளிய கருவி இது.

முதல் பொறியின் திறன் ஏறக்குறைய 8 குதிரைத்திறன். அது 7500 சுழற்சியில் கிடைத்தது. 2024ஆம் ஆண்டின் 113.3 சிசி பொறியின் திறனும் ஏறக்குறைய அதே அளவே, ஆனால் 6500 சுழற்சியிலேயே கிடைக்கின்றது. முறுக்குவிசை 9.2 நியூட்டன் மீட்டராகக் கூடியது. அதிக வேகம் இதன் நோக்கம் அன்று. குறிகை விளக்கில் நின்று புறப்படும்போதும், இருவருடன் மேம்பாலம் ஏறும்போதும் பொறி இரைச்சலின்றி இழுப்பதே நோக்கம். இதனுடன், பொறியை இயக்கும் மின்னோடியே சில நொடிகள் மின்கலத்தின் ஆற்றலைக் கொண்டு பொறிக்குத் துணைநிற்கும் ஏற்பாடும் உயர்நிலை வகைகளில் உள்ளது. அப்போது முறுக்குவிசை 9.8 நியூட்டன் மீட்டர் ஆகின்றது. 125 சிசி வடிவத்தின் முறுக்குவிசை 10.5 நியூட்டன் மீட்டர் ஆகும்.

சக்கரங்கள்

ஜூபிட்டர் முதலிலிருந்தே இரு புறமும் 12 அங்குலச் சக்கரங்களைக் கொண்டது. அறிமுகமான காலத்தில் ஆக்டிவாவின் சக்கரங்கள் 10 அங்குலமாக இருந்தன. சக்கரத்தில் 2 அங்குல வேறுபாடு இருப்பினும் டயரையும் சேர்த்துக் கணக்கிட்டால் வேறுபாடு குறைகின்றது. 90/90-12 டயரின் வெளிவிட்டம் ஏறக்குறைய 467 மி.மீ, 90/100-10 டயரின் வெளிவிட்டம் 434 மி.மீ. அதாவது 33 மி.மீ வேறுபாடு. பெரிய விட்டம் கொண்ட சக்கரம் பள்ளத்தினுள் குறைவாக இறங்கும். பள்ளத்தின் விளிம்பில் மோதும் கோணமும் தாழ்வாக இருக்கும். மழைக்குப் பிந்தைய சாலைகளில் இச்சிறு வேறுபாடும் கைகளுக்குத் தெரியும்.

முன்புறத்தில் மோட்டார் சைக்கிள்களில் உள்ளவாறு தொலைநோக்கிவகைக் கவடு பொருத்தப்பட்டுள்ளது. பின்புறத்தில் பொறியே சக்கரத்தைத் தாங்கும் கையாகவும் செயற்படுவதால், ஒவ்வொரு மேட்டிலும் சக்கரத்துடன் பொறியின் எடையும் சேர்ந்து எழும்புகின்றது. ஸ்கூட்டரில் பின்னால் அமர்பவருக்கு அதிர்வு கூடுதலாக இருப்பது இதனாலேயே. இக்குறை ஜூபிட்டருக்கு மட்டும் உரியதன்று. இவ்வகை வண்டிகள் அனைத்துக்கும் பொது.

பிரேக்

அடிப்படை வகைகளில் இரு சக்கரங்களிலும் 130 மி.மீ டிரம் பிரேக்குகளும், உயர்நிலை வகைகளில் முன்புறம் 220 மி.மீ டிஸ்க் பிரேக்கும் உள்ளன.

ஸ்கூட்டரில் வலக்கை நெம்பு முன்சக்கரத்தையும் இடக்கை நெம்பு பின்சக்கரத்தையும் பிடிக்கின்றன. மிதிவண்டியிலிருந்து நேரே ஸ்கூட்டருக்கு வருவோர் பலர், முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி குப்புற விழும் என்ற அச்சத்தால் இடக்கையை மட்டுமே பயன்படுத்துகின்றனர். பிரேக் பிடிக்கும்போது சுமை முன்னோக்கிச் சாய்வதால் முன்சக்கரமே தரையை அழுத்தமாகப் பற்றும். வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்து 178 கிலோ, நிறைமையம் தரையிலிருந்து 60 செ.மீ, சக்கரங்களுக்கிடையிலான தொலைவு 127.5 செ.மீ எனக் கொள்வோம். ஒவ்வொரு நொடிக்கும் வேகம் நொடிக்கு 4 மீட்டர் குறையுமாறு பிரேக் பிடித்தால், ஏறக்குறைய 34 கிலோ எடைக்குச் சமமான சுமை பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரத்துக்கு மாறும். சுமை குறைந்த பின்சக்கரத்தை மட்டும் இறுகப் பிடித்தால் அது வழுக்கி, வண்டி பக்கவாட்டில் திரும்பிவிடும்.

ஜூபிட்டரின் இணைப்பு பிரேக் அமைப்பில் இடக்கை நெம்பைப் பிடித்தாலே முன் பிரேக்கும் ஓரளவு சேர்ந்து இயங்கும். 125 சிசி வரையிலான வண்டிகளில் இத்தகைய அமைப்பை இந்திய அரசு 2019 ஏப்ரல் முதல் கட்டாயமாக்கியது. பழக்கத்தை மாற்றுவது கடினம் என்பதால், தவறான பழக்கத்தின் தீங்கு இங்கே கம்பியால் குறைக்கப்பட்டுள்ளது. ஆயினும் இரு கைகளாலும் பிடிப்பதற்கு இது ஈடாகாது.

பின்னால் அமர்பவர்

இந்தியாவில் சேலை அணிந்து பின்னால் அமரும் பெண்கள் பெரும்பாலும் இரு கால்களையும் இடப்பக்கம் தொங்கவிட்டு அமர்கின்றனர். முந்தானையோ துப்பட்டாவோ பின்சக்கரத்தில் சிக்குவது உயிருக்கே ஆபத்தாகும். இதனாலேயே இந்திய மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆம் விதி, பின்னிருப்பவருக்குக் கைப்பிடியும் கால் வைக்கும் இடமும், பின்சக்கரத்தின் பாதியையேனும் மறைக்கும் காப்பும் வேண்டும் என்கின்றது. கியரற்ற ஸ்கூட்டரின் கட்டமைப்பு இதற்கு இயல்பாகவே உதவுகின்றது. வாரும் கப்பிகளும் அடங்கிய நீண்ட உறை சக்கரத்தின் இடப்புறத்தில் அமைந்து அதை மறைக்கின்றது. சூடான புகைபோக்கி வலப்புறத்தில் உள்ளது. எனினும் காப்பு எதுவும் சக்கரத்தை முழுமையாக மூடுவதில்லை. துணியின் நுனியை மடியில் செருகிக்கொள்வது இன்றியமையாதது.

ஜூபிட்டர் 125இன் இருக்கை 790 மி.மீ நீளமுடையது. இருவர் இடைவெளியுடன் அமர இது போதும். மூவர் அமர்வது சட்டப்படி குற்றம்.

நிறுத்துதல்

கியர் இல்லாத வண்டியைச் சரிவில் நிறுத்தும்போது அதைக் கியரில் விட்டுப் பூட்ட இயலாது. பக்கத் தாங்கியில் மட்டும் நிறுத்தினால் உருண்டு சாயக்கூடும். எனவே நடுத்தாங்கி ஸ்கூட்டர்களில் அடிக்கடி பயன்படுகின்றது. 100 கிலோவுக்கு மேற்பட்ட வண்டியைத் தூக்கி நிறுத்துவது முதியோருக்கும் உடல் மெலிந்தோருக்கும் கடினம். ஜூபிட்டரின் முதல் வடிவத்திலேயே நடுத்தாங்கிக்குத் தேவைப்படும் விசையைக் குறைக்கும் அமைப்பு தரப்பட்டிருந்தது. தாங்கியின் மிதிப்பகுதியில் உடல் எடையைக் கொடுத்து மிதித்தால் வண்டி தானே ஏறிக்கொள்ளும். கையால் இழுப்பது பழக்கக் குறைவால் நேர்வதாகும்.

கைப்பேசி மின்னூட்டும் யூ.எஸ்.பி துளை, பொருட்பெட்டி விளக்கு, திறன்பேசியுடன் இணையும் எண்ணியல் முகப்பு போன்றவை வகைக்கேற்பவும் விலைக்கேற்பவும் மாறுபடுகின்றன. இவை ஆண்டுதோறும் மாற்றப்படுவன. வெளிப்புற எரிபொருள் வாய், 12 அங்குலச் சக்கரம் ஆகியவை 2013 முதல் மாறாமல் தொடர்கின்றன.